கெண்டையின் பொட்டு வாலுக்குப் போன கதை

அந்தக் காலத்தில், மீனும் தவளையும் கொக்கும் வாய் திறந்து பேசிக்கொண்டிருந்த காலத்தில், கீழக் கண்மாய்க் கெண்டைகளுக்குப் பொட்டு நெற்றியில் இருந்தது. இன்றைக்கு நீங்கள் பார்ப்பது வாலடியில் இருக்கிற பொட்டு. அன்றைக்கு அது இரண்டு கண்ணுக்கும் நடுவில், கறுப்பாக, வட்டமாக, நல்ல இடத்தில்தான் இருந்தது. நல்ல இடத்தை விட்டு வாலுக்கு ஏன் போனது என்று கேட்டால், ஒரு மருமகள்தான் காரணம். வாய்த்துடுக்கான மருமகள். முழுசாகச் சொன்னால்தான் நம்புவீர்கள், இருங்கள்.

விரல் நீளம்கூடத் தேறாத மீன் அது. ஆனால் மரியாதை என்று வந்துவிட்டால் அவர்களை யாரும் மிஞ்ச முடியாது. ஒரு கெண்டை இன்னொரு கெண்டைக்கு முதுகு காட்டக் கூடாது. அதுதான் ஊர்க் கட்டுப்பாடு. நேருக்கு நேர் நிற்க வேண்டும், நெற்றிப் பொட்டைப் பார்க்க வேண்டும், "சாப்பிட்டாச்சா?" என்று கேட்க வேண்டும். முதுகைக் காட்டிவிட்டால் தொலைந்தது, மூஞ்சியில் காறித் துப்பினதாகக் கணக்கு. அதனால் விருந்தென்றால் வட்டமாக நின்றுதான் சாப்பிடுவார்கள். கிளம்பும்போது முகத்தைக் காட்டியபடியே பின்னால் பின்னால் நகர்ந்து, கல்லில் இடித்து, பாசியில் மாட்டி, ஒருவழியாக வீடு போய்ச் சேருவார்கள்.

எல்லோரும் போய்ச் சேர்ந்தார்கள் என்று சொல்ல முடியாது. பாறைக்குப் பின்னால் ஒரு கிழட்டு விரால் குடியிருந்தது. அது இரை தேடி அலைந்ததே கிடையாது. விருந்து முடிகிற நேரம் பார்த்து வாயைத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருக்கும். யாராவது ஒரு கெண்டை, "போயிட்டு வர்றேங்க, போயிட்டு வர்றேங்க" என்று பின்னாலேயே வந்து நேராக அந்த வாய்க்குள் போய்விடும். இப்படி மரியாதை தெரிந்த சனத்தைத் தான் வேறெங்கும் கண்டதில்லை என்று விரால் போகிற வருகிறவர்களிடமெல்லாம் புகழ்ந்துகொண்டிருந்தது.

சேர்ந்து போவது என்கிற பேச்சுக்கே இடமில்லை. ஒருவர் முன்னால் போனால் பின்னால் வருகிறவருக்கு முதுகு தெரிந்துவிடுமே. பக்கத்தில் பக்கமாகப் போகலாமென்றால், தாமரைத் தண்டுக்கும் தண்டுக்கும் நடுவில் ஒருவர் நுழையத்தான் இடமிருக்கும். நீங்க போங்க என்பார் ஒருவர். ஐயையோ, நீங்க போங்க என்பார் மற்றவர். வெயில் சாய்கிறவரைக்கும் இதே பேச்சு. கடைசியில் இரண்டு பேருமே பட்டினியாக, பின்னால் நகர்ந்தபடி, வந்த வழியே திரும்புவார்கள். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அவர்களுக்கு அதில் பெருமை.

இந்த ஊர் மருமகள்தான் வெள்ளச்சி. உடம்பு வெள்ளித் தகடு, வாய் கருவேல முள். அவளுடைய புருஷன் சோணை நல்லவன், ஆனால் பார்வை கொஞ்சம் மட்டு. கலங்கல் தண்ணீரில் பொட்டை வைத்துத்தான் ஆளை அடையாளம் கண்டுகொள்வான். மாமனார் வீரணன் ஊருக்கே தலைவர். முதுகு காட்டாத கட்டுப்பாட்டை அவரைப் போலக் காத்தவர் இல்லை. தூங்கும்போதுகூடப் பாறையில் முதுகை ஒட்டிக்கொண்டுதான் தூங்குவார்.

வெள்ளச்சிக்கு ஒரு துக்கம் இருந்தது. கெண்டைக்கு முட்டையிடப் புதுத் தண்ணீர் வேண்டும். ஐப்பசி மழையில் மேலக் கண்மாய் நிறைந்து, கலுங்குச் சுவரைத் தாண்டி வழிந்து, ஓடை பிடித்துக் கீழக் கண்மாய்க்கு வந்து விழும். அந்தத் தண்ணீரின் வாசம் பட்டதும் சினைக் கெண்டைகளுக்கு உடம்பு பரபரக்கும். ஓடையில் எதிரேறி, கலுங்கைத் தாவி, மேலே போனால் புதிதாக முங்கிய புல்வெளி இருக்கும். விரால் இல்லாத இடம். அங்கே போட்ட முட்டைதான் பிழைக்கும். கீழே போட்ட முட்டை விராலுக்குக் காலைப் பலகாரம்.

ஆனால் ஓடை ஏறும்போது பின்னால் நகர்ந்து ஏற முடியாதே. வேகம் அடித்துத் தள்ளிவிடும். அதற்கும் ஊரில் ஒரு வழி வைத்திருந்தார்கள். ஒருவர் ஏறும்போது மற்ற எல்லோரும் திரும்பி நின்றுகொள்ள வேண்டும். யாரும் பார்க்காத முதுகு முதுகே இல்லை என்பது கணக்கு. அவர் கிளம்பி நெடுநேரம் ஆன பிறகு அடுத்தவர். மூத்தவர்கள் முதலில், இளையவர்கள் பிறகு, எல்லோரையும் அனுப்பிவிட்டுத் தலைவர் கடைசியாக.

போன வருஷம் இளைய மருமகள் வெள்ளச்சியின் முறை வருவதற்குள் கலுங்கு வற்றிவிட்டது. வயிறு நிறைய முட்டையோடு ஓடை வாயில் நின்றவள், வேறு வழியில்லாமல் பழைய தண்ணீரில் பாசிக்கு அடியில் முட்டையிட்டாள். மறுநாள் ஒன்றுகூட இல்லை. அவள் அழுத அழுகைக்குக் கண்மாய் ஒரு சாண் ஏறியிருக்கும் என்று தவளைகள் சொல்லும். தவளைகள் எதையும் கூட்டித்தான் சொல்லும். ஆனால் அவள் அழுதது நிஜம்.

இந்த வருஷமும் வயிறு நிறைந்திருந்தது. மழை பெய்தது. கலுங்கு வழிகிற சத்தம் கேட்டது. வீரணன் ஊரைக் கூட்டினார். எல்லோரும் வட்டமாக, பொட்டோடு பொட்டு பார்த்து நின்றார்கள். முறை சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் வெள்ளச்சி முந்திக்கொண்டு, இந்தத் தடவை எல்லோரும் சேர்ந்து ஒரே மூச்சில் ஏறிவிடலாம் என்று சொன்னாள்.

"சேந்து ஏறுனா முன்னால யாரு போறது, பின்னால யாரு வர்றது?" என்று கேட்டார் வீரணன்.

"முன்னால போறவுக முன்னால போகட்டும் மாமா. தண்ணி நிக்கிறதுக்குள்ள போய்ச் சேந்தாப் போதாதா?"

அப்படியானால் மருமகளின் முதுகைப் பார்த்துக்கொண்டு மாமனார் வரவேண்டுமா என்று அவர் கேட்டார். ஊரே செவுளைப் பொத்திக்கொண்டது. சோணை மணலைப் பார்த்துக்கொண்டு நின்றான். அதோடு கூட்டம் முடிந்தது. வழக்கம்போல் முறை போட்டார்கள். வெள்ளச்சி கடைசி வரிசைக்குப் போனாள்.

மூத்தவர்கள் ஒவ்வொருவராக ஏறத் தொடங்கினார்கள். மற்றவர்கள் திரும்பி நின்றார்கள். வெள்ளச்சியும் திரும்பித்தான் நின்றாள், கொஞ்ச நேரம். பிறகு அவளால் முடியவில்லை. லேசாகத் திரும்பிப் பார்த்துவிட்டாள்.

கலுங்குச் சுவருக்கு அடியில் ஒரு கல்லின் மேல் கொக்கு நின்றது. நிம்மதியாக நின்றது. ஒரு கெண்டை வரும், கொத்தும், விழுங்கும், இறகைக் கோதும். அடுத்த கெண்டை வருவதற்குள் முந்தினது செரித்துவிடும். பந்திக்கு ஒவ்வொரு பதார்த்தமாகப் பரிமாறுகிற மாதிரி இவர்கள் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பார்ப்பவர் இல்லாததால், போனவர்களெல்லாம் மேலே சுகமாகச் சேர்ந்துவிட்டார்கள் என்று ஊர் வருஷாவருஷம் நம்பிக்கொண்டிருந்தது. உண்மையில் அதில் பாதிப் பேர்கூட மேலே போய்ச் சேர்ந்ததில்லை.

வெள்ளச்சி அதற்கு மேல் பார்க்கவில்லை. ஓடிப்போய் வீரணனிடம் கொக்கைப் பற்றிச் சொன்னாள். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கடைசியில், "அப்ப பெரியவுக முதுகைப் பாத்துட்ட?" என்றார்.

கொக்கு காதில் விழவில்லை. முதுகுதான் விழுந்தது. இந்த மனுஷரிடம் இனி என்ன பேசுவது என்று அவளுக்கு வந்த ஆத்திரத்தில் வாயடைத்துப் போனது. அவளுக்கு வாயடைத்தது அதுதான் முதல் தடவை. மரியாதையை மறக்காமல் பின்னால் நகர்ந்தே அங்கிருந்து போனாள், அதுதான் வேடிக்கை.

போனவள் கருவேல மரத்தடிக்குப் போனாள். கண்மாய்க்குள்ளேயே நின்ற கிழட்டு மரம் அது. அதன் காய்கள் வேர் இடுக்கில் விழுந்து, சேற்றோடு ஊறி, மையாகிக் கிடக்கும். அந்த மையைத்தான் கெண்டைகள் நெற்றியில் இட்டுக்கொள்வார்கள். ஒட்டினால் லேசில் போகாது, கல்லில் வைத்துத் தேய்த்தால்தான் போகும். வெள்ளச்சி பொட்டு வைக்க வரவில்லை. தனியாக இருந்து அழ வந்தாள். தலையை வேர்ப் பொந்துக்குள் நுழைத்துக்கொண்டு, வாலை அந்தச் சேற்றில் பட்டுப் பட்டென்று அடித்தாள். ஓடைத் தண்ணீர் குறைகிற சத்தம் கேட்கக் கேட்க இன்னும் ஓங்கி அடித்தாள். வாலடியில் இரண்டு பக்கமும் மை அப்பிக்கொண்டது அவளுக்குத் தெரியாது.

அப்போது சோணை அவளைத் தேடி வந்தான். கலங்கல் தண்ணீர், மங்கின பார்வை. வேர் ஓரத்தில் கறுப்பாக வட்டமாக ஒரு பொட்டு தெரிந்தது. பொட்டு தெரிந்தால் முகம். அவன் அந்தப் பொட்டுக்கு முன்னால் வந்து மரியாதையாக நின்று, "சாப்பிட்டியா?" என்றான்.

பொட்டு பதில் சொல்லவில்லை.

அவனுக்குப் புரிந்தது, கோபம். அதனால் மெதுவாகப் பேச ஆரம்பித்தான். அப்பாவைப் பற்றித்தான் உனக்குத் தெரியுமே என்றான். கூட்டத்தில் நான் வாய் திறந்திருக்க வேண்டும், திறக்கவில்லை, தப்புத்தான் என்றான். பிறகு இன்னும் கிட்டத்தில் வந்தான்.

"போன வருசம் நீ அழுதப்ப நானும்தான் அழுதேன் புள்ள. தண்ணிக்குள்ள இருக்கோம், தெரியலை. இந்த வருசமும் அப்படி ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது. நீ இம்புட்டுக் கோவத்துலயும் மூஞ்சியத் திருப்பாம நின்னு கேக்குறியே, எனக்கு அதுவே பெரிசு."

பொந்துக்குள் தலையை விட்டிருந்த வெள்ளச்சிக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது. முதலில் கண் கலங்கியது. இந்த வாயில்லாப் பூச்சிக்குள்ளே இவ்வளவு இருந்ததா என்று நெஞ்சு குளிர்ந்தது. பிறகுதான், கடைசியாகச் சொன்னது மண்டையில் ஏறியது. மூஞ்சியைத் திருப்பாமல் நிற்கிறேனா? நான் எங்கே மூஞ்சியைக் காட்டினேன்?

தலையை உருவிக்கொண்டு சட்டென்று திரும்பினாள். தன் வாலைப் பார்த்தாள். மை. சோணையைப் பார்த்தாள். அவன், ஒரு வெள்ளச்சிக்கு எப்படி இரண்டு மூஞ்சி என்று குழம்பிப்போய் நின்றான். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்துச் சிரித்து வயிற்றில் இருக்கிற முட்டையெல்லாம் குலுங்கியது. சிரிப்பு அடங்கியதும் நேராக ஒரு கல்லுக்குப் போய் நெற்றியைத் தேய் தேய் என்று தேய்த்தாள். நெற்றி துடைத்து வைத்த மாதிரி ஆனதும், "வாங்க, மாமாவப் பாத்துட்டு வருவோம்" என்றாள்.

ஓடை வாயில் மிச்சமிருந்தவர்கள் வட்டமாக நின்று தங்கள் முறைக்குக் காத்திருந்தார்கள். வெள்ளச்சி அந்த வட்டத்துக்குள் பின்னால் நகர்ந்தே நுழைந்து, வாலை வீரணனுக்கு எதிரே நிறுத்தி, அசையாமல் நின்றாள். மழைக்காலக் கலங்கலில் அவருக்கும் பொட்டுத்தான் தெரிந்தது.

"வா ஆத்தா" என்றார் அவர். சாப்பிட்டாயா என்று கேட்டார். மூஞ்சி ஏன் இப்படிச் சுண்டிக் கிடக்கிறது, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று வாலைப் பார்த்து விசாரித்தார். மற்றவர்களும் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். ஒரு பெரியவர், வரவர நல்ல களையாக ஆகிவிட்டாய் என்றுகூடச் சொன்னார். சோணை சிரிப்பை அடக்க மாட்டாமல் வாய் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு நின்றான்.

வெள்ளச்சி மெதுவாகத் திரும்பி வெறும் நெற்றியைக் காட்டினாள்.

வீரணன் அவள் நெற்றியையும் வாலையும் மாறி மாறிப் பார்த்தார். பேச நாலைந்து தடவை வாயைத் திறந்து மூடினார்.

"மாமா, பொட்டு இருக்கிற பக்கம்தான மூஞ்சி? நம்ம ஊரு வழக்கம் அதான? இம்புட்டு நேரம் நீங்க என் மூஞ்சியப் பாத்துத்தான் பேசுனீக. முதுகுன்னு உங்களுக்குத் தோணவே இல்ல. எல்லாரும் வால்ல பொட்டு வச்சுக்கிருவோம். முன்னால போறவுக பின்னால வர்றவுகளப் பாத்துக்கிட்டே போற மாதிரிதான். யாரும் யாருக்கும் முதுகு காட்ட வேண்டாம். தண்ணி நிக்கப் போகுது மாமா."

ஊர் முழுக்க வீரணனைப் பார்த்தது. அவருக்குப் பதில் இல்லை. பதில் இல்லாதபோது பெரியவர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் அவரும் செய்தார். முடியாது என்றார்.

வெள்ளச்சி ஓடையைப் பார்த்தாள். நுரையோடு விழுந்துகொண்டிருந்த தண்ணீர் இளைத்துவிட்டது. கூழாங்கற்களின் தலை வெளியே தெரிய ஆரம்பித்துவிட்டது. போன வருஷம் பாசிக்கடியில் காலியாகக் கிடந்த இடம் அவள் கண்ணுக்குள் வந்தது. இன்னொரு தடவை அதைப் பார்க்க அவளால் ஆகாது. மாமனாருக்கு நேராக நின்று தலையைத் தாழ்த்தி ஒரு கும்பிடு போட்டாள். பிறகு திரும்பினாள். ஊர் பார்க்க, மாமனார் பார்க்க, முதுகைத் திருப்பிக்கொண்டு ஓடையில் ஏறினாள்.

அப்படி ஒரு காரியம் அந்தக் கண்மாய் தோன்றிய நாளிலிருந்து நடந்ததில்லை. ஆனால் பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு முதுகு தெரியவில்லை. கலங்கலுக்குள் ஒரு பொட்டு, இவர்களைப் பார்த்தபடியே, வாங்க வாங்க என்று அசைந்து அசைந்து போய்க்கொண்டிருந்தது.

சோணைதான் முதலில் அசைந்தான். ஓடிப்போய்ச் சேற்றில் வாலைப் புரட்டிக்கொண்டு, அவள் பொட்டைப் பார்த்தே பின்னால் ஏறினான். அவன் பொட்டைப் பார்த்து ஒரு சினைக் கெண்டை. அவள் பொட்டைப் பார்த்து அவள் தங்கச்சி. அவ்வளவுதான், கருவேல மரத்தடியில் கூட்டம் தாங்கவில்லை. நெற்றியைத் தேய்க்கக் கல் கிடைக்காமல் சிலர் விரால் குடியிருந்த பாறையிலேயே போய்த் தேய்த்தார்கள். விரால் திகைத்துப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கண்ணெதிரே ஊரே முன்பக்கமாக நீந்திப் போனது, ஒருவர்கூட வாய்க்குள் வரவில்லை.

கலுங்கடியில் கொக்கு அடுத்த பதார்த்தத்துக்குக் காத்திருந்தது. வந்தது பதார்த்தம் இல்லை, பந்தியே எழுந்து வந்தது. வெள்ளி வெள்ளியாக, இங்கே ஒன்று அங்கே ஒன்று, எதைக் கொத்துவது என்று கொக்குக்குக் கண் கட்டியது. சரி, ஒன்றைக் குறிவைப்போம் என்று, கறுப்பாக உருண்டையாகத் தெரிந்த கண்ணைப் பார்த்து ஓங்கிக் கொத்தியது. அது கண் இல்லையே, வாலடிப் பொட்டு. தலை இருக்கிற பக்கம் பாய்ச்சல் எடுத்து மீன் தப்பிவிட்டது. கொக்கின் அலகில் துளியூண்டு வால்நுனி மட்டும் மிஞ்சியது. மறுபடி கொத்தியது. மறுபடியும் வால்நுனி. இந்த மீன்களெல்லாம் எப்போதிருந்து பின்பக்கமாக ஓடக் கற்றுக்கொண்டன என்று அதற்கு விளங்கவேயில்லை.

வெள்ளச்சி கலுங்குச் சுவரைப் பார்த்தாள். தண்ணீர் ஒரு நூல் கனத்துக்கு வழிந்துகொண்டிருந்தது. வயிற்றுப் பாரத்தோடு எம்பினாள், விழுந்தாள். மறுபடி எம்பினாள், விழுந்தாள். திரும்பிப் பார்த்தால் கண்ணுக்கெட்டியவரை அவளையே பார்த்துக்கொண்டு ஊர் நின்றது. பல்லைக் கடித்துக்கொண்டு எம்பினாள். சுவருக்கு அந்தப் பக்கம், மழையில் முங்கிய பச்சைப் புல்லின் மேல் போய் விழுந்தாள். அவளுக்குப் பின்னால் பொத்துப் பொத்தென்று மற்றவர்கள் விழுந்துகொண்டே இருந்தார்கள்.

கீழே வீரணன் தனியாக நின்றார். எதிரே பார்த்தார், முகம் இல்லை. பக்கத்தில் பார்த்தார், யாரும் இல்லை. மரியாதை காட்ட ஒரு ஆள் வேண்டுமே என்று சுற்றுமுற்றும் தேடியபோது, பாறைப் பக்கமிருந்து விரால்தான், சாப்பிட்டாச்சா என்று கேட்டபடி வந்தது. பெரியவருக்கு வயசு மறந்துபோனது. கருவேல மரத்தடிக்குப் பாய்ந்து, வாலைச் சேற்றில் ஒரு புரட்டுப் புரட்டி, நெற்றியைப் போகிற போக்கில் ஒரு கல்லில் உரசி, ஓடையில் ஏறினார். அவருக்குப் பின்னால் முதுகைப் பார்க்க ஒரு ஈ காக்கை கிடையாது. அப்படியும் பொட்டு வைத்துக்கொண்டுதான் ஏறினார். கொக்கு அவருக்கும் ஒரு கொத்து வைத்தது. வால் நடுவில் பிளந்ததே தவிர ஆள் தப்பிவிட்டார்.

அவர் கலுங்கைத் தாண்டி விழுந்ததும் வழிந்த தண்ணீர் நின்றது.

மேலே வெள்ளச்சி புல்லுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு முட்டையிட்டுக்கொண்டிருந்தாள். சோணை பக்கத்தில் நின்று, ஒவ்வொரு முட்டையும் புல்லில் ஒட்டுகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். வீரணன் மூச்சு வாங்க அவளுக்குப் பின்னால் வந்து நின்றார். ஊர் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தது. மேலக் கண்மாய்த் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. எது தலை எது வால் என்று அங்கே யாரும் ஏமாற முடியாது.

அவர் மருமகளின் வாலடிப் பொட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அந்தப் பொட்டைப் பார்த்தே, "சாப்பிட்டியா ஆத்தா?" என்று கேட்டார்.

"இன்னும் இல்ல மாமா, கை வேலையா இருக்கேன்" என்றாள் வெள்ளச்சி. திரும்பவில்லை.

மீனுக்கு ஏது கை என்று யாரும் கேட்கவில்லை. எல்லோருக்கும் சந்தோஷம்.

அந்த முட்டைகள் பொரிந்து வந்த குஞ்சுகளுக்குப் பிறக்கும்போதே வாலடியில் பொட்டு இருந்தது. நெற்றியில் தேடிப் பார்த்தார்கள், இல்லை. இன்றைக்கும் கண்மாய்ப் படியில் உட்கார்ந்து ஒரு பிடி பொரியைத் தூவிப் பாருங்கள். கெண்டைகள் முகத்தோடு முகம் வைத்து வட்டம் கட்டிச் சாப்பிடும், அந்தப் பழைய பழக்கம் போகவில்லை. உங்கள் நிழல் லேசாக அசைந்தால் போதும், ஒன்று திரும்பும், அதன் பொட்டைப் பார்த்து அடுத்தது, அதைப் பார்த்து அடுத்தது என்று மொத்தமும் ஒரே திசையில் மறைந்துவிடும். வழிநெடுக, பின்னால் வருகிறவரைப் பார்த்து, சாப்பிட்டாச்சா, வர்றீகளா, வர்றீகளா என்று ஒவ்வொரு பொட்டும் கேட்டுக்கொண்டே போகும்.

அன்று முதல்தான் கெண்டைகள் நெற்றியை வெறுமையாக விட்டு, வாலில் பொட்டு வைத்துக்கொண்டு, ஒருவருக்கொருவர் முதுகு காட்டாமல் கூட்டமாகப் போகின்றன.